பழைய இணைப்பை முதலில் துண்டித்துவிடாதீர்கள்

ஓய்வு பெற்றவர்கள் வசிக்கும் வளாகங்களில் இன்டர்நெட், டிவி இணைப்பை மாற்ற நினைப்பவர்கள் நேராக மாதக் கட்டணத்துக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் வளாகத்தின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சில இடங்களில் நிர்வாகமே எல்லா வீடுகளுக்கும் மொத்தமாக இணைப்பு வாங்கி, பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்திருக்கும். அது தெரியாமல் வேறு நிறுவனத்துக்குப் போனால் இரண்டு பக்கமும் பணம் கட்ட வேண்டியதுதான்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு லேண்ட்லைனை மறந்துவிடுவது. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் போனாலும் சாதாரண வயர் போன் பேசும். ஃபைபர் என்ற கண்ணாடி இழை இணைப்புக்கு மாறினால் அழைப்பு, வீட்டிலுள்ள மோடம் வழியாகப் போகிறது. கரன்ட் போனால் போனும் போச்சு. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர உதவி பட்டன் அந்த லைனை நம்பியிருந்தால், விழுந்து கிடப்பவர் எத்தனை முறை அழுத்தினாலும் அழைப்பு போகாது. பட்டன் கொடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன் அவர் எதிரிலேயே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்றும் வைத்துவிடுங்கள்.

"புதுசு நாளைக்கு வந்துவிடும்" என்று பழையதை இன்றே ரத்து செய்வது அடுத்த தவறு. வருவதாகச் சொன்னவர் வராமல் போகலாம். அதே நம்பரைப் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் முன் லைனை ரத்து செய்தால், வருடக்கணக்கில் வைத்திருந்த நம்பரே கைவிட்டுப் போகலாம். பழைய நிறுவனம் கொடுத்த ஈமெயில் முகவரியும் அப்படித்தான். வங்கியும் மருத்துவமனையும் அந்த முகவரிக்குத்தான் எழுதுகின்றன என்றால், அதை மாற்றிய பிறகு துண்டியுங்கள்.

வேகம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். எச்டி படம் ஓட விநாடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை இருந்தால் சரி. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 1000 மெகாபிட் எதற்கு? ஆரம்பச் சலுகை எந்த மாதம் முடிகிறது, அதன்பின் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். போன், டேப்லெட், டிவி பெரும்பாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் ரிமோட். கண்ணாடி போடாமலே தடவிச் சத்தத்தைக் குறைத்துப் பழகிய விரல், புது ரிமோட்டில் வேறு எதையோ அழுத்தி டிவியை எச்டிஎம்ஐ 2 என்ற வேறு இணைப்புக்குக் கொண்டுபோய்விடும். திரை கருப்பாகிவிடும், அன்றைய செய்தி போயிற்று. தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களின் புது எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள். பழைய செட்-டாப் பெட்டியில் பதிவு செய்துவைத்தவை பெட்டியோடு போய்விடும், அவற்றை முன்பே பார்த்துவிடுங்கள்.

பெட்டி, மோடம், ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் சீரியல் நம்பரோடு படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ரசீது இல்லாமல் அந்த கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். ஆட்டோ டெபிட்டை நிறுத்தியாச்சா என்று அடுத்த இரண்டு மாத வங்கிக் கணக்கில் பாருங்கள்.