நோயை மறைக்காமல், ஆளைத் தொலைக்காமல்: நினைவேடு தயாரிக்கும் முறை

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனைக் கோளாறு (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) போன்ற கடும் மனநோயோடு வாழ்ந்து மறைந்தவரைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் அது ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆஸ்பத்திரி, மாத்திரை, சொல்லாமல் கிளம்பிப்போன இரவு என்று நோயின் கதையாகவே முடியும். இல்லாவிட்டால், நோய் என்ற சொல்லே வராமல் 'தங்கமான பிள்ளை' என்று மூடிவிடுவார்கள். இரண்டிலுமே ஆளைக் காணோம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நினைவேடு எழுதினால் அவரைக் கொஞ்சம் மீட்கலாம்.

எழுதுவது மெதுவாக நடக்கட்டும். குரல்தான் அவசரம். அவர் அனுப்பிய குரல் செய்திகளை, அவரது கைபேசியிலிருந்தும் உங்களுடையதிலிருந்தும், கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுங்கள். சிம்மை ரத்து செய்வது அதற்குப் பிறகு. மிச்ச மாத்திரைகளை நினைவுப்பொருளாக வைக்க வேண்டாம். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் என்ற மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து; துக்க வீட்டில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. மாத்திரை உறையில் உள்ள மருந்துப் பெயரைப் படம் எடுத்துக்கொண்டு, மருந்துக்கடை திரும்ப வாங்குமா என்று கேளுங்கள். அதுவரை பூட்டி வையுங்கள்.

இனி நினைவுகளை எழுதும் அட்டைகள். நெருங்கிய நான்கைந்து பேருக்கு ஆளுக்குப் பத்து அட்டை. ஒரு அட்டைக்கு ஒரு நினைவு, மேல் மூலையில் வருடம். தனித்தனியாக எழுத வேண்டும். கூடி உட்கார்ந்தால் வீட்டுப் பெரியவர் முதலில் சொல்வதற்கு மற்றவர் நினைவெல்லாம் வளைந்துகொடுக்கும். 'அன்பானவர்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். எதைச் செய்தார், எதைச் சொன்னார் என்பதுதான் வேண்டும்.

வருட வரிசையில் அடுக்கும்போது சண்டை வரும். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலிருந்து முப்பதுக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. அதனால் அம்மாவிடம் நோய்க்கு முந்தைய இருபது வருடம் இருக்கும். கடைசித் தம்பியிடமோ, மகளிடமோ நோயோடு இருந்தவர் மட்டுமே இருப்பார். 'அவன் அப்படிப்பட்டவனே இல்லை' என்று ஒருவர் அழுவதும், 'எனக்குத் தெரிஞ்சு அப்படித்தான்' என்று இன்னொருவர் சொல்வதும் இதனால்தான். யாருடைய அட்டையையும் கிழிக்காதீர்கள், பயந்த நாளைப் பற்றியதானாலும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது புகைப்படங்களுக்கு. திருமணப் படத்தில் எல்லோரும் சிரிக்க, அவர் முகம் மட்டும் சலனமில்லாமல் இருக்கும். 'நம்மைப் பிடிக்கவே இல்லை' என்று குடும்பம் அதைப் படித்திருக்கும். உணர்ச்சி முகத்துக்கு வராமல் போவது மனச்சிதைவின் ஒரு கூறு. சில மருந்துகளும் முகத்தசையை இறுக்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தால், லித்தியம் தந்த கைநடுக்கம் காரணமாக இருந்திருக்கலாம். ஒலான்சபின், குளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு உடல் கிடுகிடுவென்று பெருப்பதும் உண்டு. சோம்பேறித்தனம் என்று ஏசியவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் என்ன மருந்து என்பதைப் பழைய மருந்துச் சீட்டில் பார்த்து, படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.

நோய் முற்றிய நாட்களில் அவர் எழுதிக் குவித்த நோட்டுகளைத்தான் பலர் முதலில் எரிக்கிறார்கள். ஒரு வருடம் பொறுங்கள். உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டிவையுங்கள். துருப்பிடிக்கும் பின்களைக் கழற்றிவிடுங்கள். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. திறக்கும்போது தனியாகப் படிக்க வேண்டாம். உங்களைப் பற்றிக் கொடூரமாக எழுதியிருக்கலாம். அதை முழுக்க நோயின் தலையில் கட்டவும் வேண்டாம், முழுக்க அவருடைய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பக்கங்களுக்கு நடுவே ஒரு கடைக்கணக்கோ, யாருடையதோ பிறந்தநாளோ கிடைக்கும். நினைவேட்டுக்கு அவை போதும்.

நோய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: பெயர், தொடங்கிய வருடம், நன்றாக இருந்த இடைவெளிகள். அந்த இடைவெளிகளை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. 'மனநோயாளி' என்பதைவிட 'மனச்சிதைவு இருந்தது' என்று எழுதுவது நல்லது. தற்கொலையானால் அந்தச் சொல்லையே எழுதலாம். முறையை எழுத வேண்டாம். வீட்டுக் குழந்தை என்றாவது இதைப் படிக்கும்.

தைத்த நோட்டு வேண்டாம், வளையக் கோப்பு வாங்குங்கள். எப்போதோ உடன் படித்தவர் ஒருவர் வந்து புதிதாக ஏதாவது சொல்வார். அந்த அட்டையை அதன் வருடத்திலேயே செருக வேண்டியிருக்கும்.