சேலத்திலிருந்து ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ்: முதல் வெளிநாட்டுச் சுற்றுலாவை நீங்களே திட்டமிடுவது எப்படி?

வெளிநாடு போகலாம் என்று சேலத்தில் யாரிடம் பேச்சை எடுத்தாலும், "பேக்கேஜ்ல போயிடுங்க, அவங்களே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுவாங்க" என்பார்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பழைய ஊர்களை நின்று நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் நாலைந்து நாடு என்று ஓடும் பேருந்தில் ஏறினால், ரோமின் பழைய வட்ட அரங்கமான கொலோசியத்தை வெளியே நின்று படமெடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நாமே திட்டமிடுவது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரிசை மட்டும் தெரிந்தால் போதும். இங்கே இத்தாலியின் மூன்று ஊர்களை வைத்துச் சொல்கிறேன். துருக்கியின் இஸ்தான்புல்லோ வியட்நாமின் ஹோய் ஆனோ போகிறவர்களும் இதே வரிசையில் போகலாம், விவரங்கள்தான் மாறும்.

படி 1: பாஸ்போர்ட்டும் இன்ஷியலும்

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் கோவைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. அப்புறம் போலீஸ் விசாரணை, அப்புறம் தபாலில் புத்தகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பலர் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். தொல்லை அப்புறம்தான் ஆரம்பிக்கும். விமான டிக்கெட் போடும் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி: சிலர் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு போடச் சொல்வார்கள். போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கலாம் என்றால், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

அதனால் புதிதாக எடுப்பவர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை (திருமணமானவர் விரும்பினால் கணவர் பெயரை) எழுதிவிடுங்கள். பிறகு விமான டிக்கெட், காப்பீடு, கொலோசியம் சீட்டு என எதிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அதே பெயர்தான். கொலோசியம் நுழைவுச்சீட்டில் பெயர் அச்சிட்டு, வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் காலாவதி தேதியைப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய, இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள்) விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். ஆறு மாதம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் நிம்மதி.

படி 2: ஊர்களைக் குறையுங்கள்

முதல் பயணத்தில் ஒரு நாடு, மூன்று ஊர். அதற்கு மேல் வேண்டாம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் போய்விடும்: பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் பிடித்து, அடுத்த விடுதி அறை தரும்வரை காத்திருந்து என்று.

ரோமில் 4 இரவு, ஃபுளோரன்ஸில் 3, வெனிஸில் 2. இது நிதானமான கணக்கு. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டே கால் மணி நேரம். மூன்று ஊர்களிலும் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. போகும்போது ரோமில் இறங்கி, திரும்பும்போது வெனிஸில் ஏறுங்கள். 'மல்டி சிட்டி' என்று தேடினால் அப்படி ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கும். ரோமுக்கே திரும்பி ஓடும் நாள் மிச்சம்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம்மூர்ச் சித்திரையைவிடக் குறைச்சலில்லை, கூட்டமும் அப்போதுதான். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் அதில் வந்து உட்காரும். நவம்பருக்கு மேல் வெனிஸில் கடல் நீர் தெருவுக்கு ஏறும் காலம்.

படி 3: கிழமைக் கணக்கு

விமான டிக்கெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் கிழமைகளை எழுதுங்கள். இந்த முழுத் திட்டத்திலும் முக்கியமான வேலை இதுதான். சலுகை விலைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு கிழமை பார்த்தால், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. புதன் காலை போப் பொதுமக்களைச் சந்திக்கும் நேரம். புனித பேதுரு பேராலயத்துக்குள் அப்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஃபுளோரன்ஸில் உஃபிஸி ஓவியக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்காதெமியாவும் திங்கள் விடுமுறை. அதே ஊரின் பேராலயத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதால் அன்றைக்கும் நெரிசல்.

சரி, இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? ரோமில் புதன்கிழமை இறங்குங்கள். அன்றைக்கு எந்தச் சீட்டும் எடுக்காதீர்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றும். இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. வியாழன் காலை கொலோசியம். அதே சீட்டில் பக்கத்தில் உள்ள, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் பாலத்தீன் குன்றும் அடங்கும். வெள்ளி வத்திக்கான். சனி பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில், சுற்றியுள்ள தெருக்கள். ஞாயிறு காலை ரயில் ஏறி ஃபுளோரன்ஸ், பிற்பகல் தாவீது. திங்கள் பேராலயமும் குவிமாடமும். செவ்வாய் உஃபிஸி. புதன் வெனிஸ். வெள்ளி ஊருக்கு.

பாந்தியனைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். பேரரசன் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். 43 மீட்டர் அகலக் குவிமாடத்துக்கு நடுவில் ஒரே ஒரு வட்டத் திறப்பு. கண்ணாடி, மூடி எதுவும் கிடையாது. மழை பெய்தால் மழை உள்ளேயே விழும். கீழே குனிந்து பளிங்குத் தரையைப் பாருங்கள்: நடுவில் சிறு சிறு துளைகள், தரையும் லேசாகச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் வடிந்துவிடும். மேலே பார்த்து வாயைப் பிளக்கும் கூட்டத்தில் கீழே பார்ப்பவர்கள் குறைவு.

இப்படிப் பார்க்கப் பழக, கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கோயில். ராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான்; வாலி பக்கம் போய் நின்றால் ராமன் தெரியமாட்டான். பிள்ளைகளை விட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மண்டபத்தில் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தால் ஃபோரத்தில் போரடிக்காது.

படி 4: விசா

இத்தாலிக்கு ஷெங்கன் விசா. பல நாடுகள் போவதாக இருந்தால், அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளன. கோடை விடுமுறைக்கு நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், மூன்று மாதம் முன்பே முந்திக்கொள்ளுங்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தால் பணம் திரும்ப வராது.

30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவப் பயணக் காப்பீடு, விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் விடுதி முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், நாள்வாரித் திட்டம் ஆகியவை வேண்டும். நாள்வாரித் திட்டம்தான் நாம் போன படியிலேயே எழுதிவிட்டோமே, அதைத் தட்டச்சு செய்தால் முடிந்தது. விடுதிகளை, பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள். விமானத்துக்கும் விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் வேண்டாம்.

சம்பளக்காரர்களுக்கு அலுவலக விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் போதும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டையில் தறி என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு, நடப்புக் கணக்கு விவரம், தொழில் பற்றிய ஒரு விளக்கக் கடிதம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போடும் வேலை மட்டும் வேண்டாம். திடீரென வந்த பணம் பார்த்தவுடன் தெரியும்.

படி 5: எந்த விமான நிலையம்?

நம்ம காமலாபுரத்திலிருந்து பெரிய ஊர்களுக்குச் சிறு விமானங்கள் போகின்றன. ஆனால் அதையும் வெளிநாட்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, காசும் போச்சு. சேலத்துக்குச் சௌகரியம் பெங்களூர்தான். வளைகுடா வழியாக ரோமுக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம். ஒன்று மட்டும்: அந்த விமான நிலையம் ஊரின் வடக்கு எல்லையில், தேவனஹள்ளி பக்கம் இருக்கிறது. ஓசூர்வரை சர்ரென்று போய்விட்டு, அப்புறம் ஊருக்குள் நெரிசலில் நிற்பீர்கள். பகல் விமானமென்றால் முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம். கூட வயதானவர்கள் இருந்தால் சென்னைக்கு ரயிலில் போய் ஏறலாம்.

படி 6: நுழைவுச்சீட்டு

விசா வந்ததும் அடுத்த வேலை இது. வத்திக்கான் சீட்டு சுமார் 60 நாள் முன்பும், கொலோசியம் சீட்டு 30 நாள் முன்பும் திறக்கும். அலைபேசியில் நினைவூட்டல் வைத்துக்கொண்டு, திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். அதிகாரப்பூர்வ தளத்தில் கொலோசியம் 18 யூரோ. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், அதே சீட்டை இரண்டு மூன்று மடங்குக்கு விற்பார்கள். பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். பேதுரு பேராலயத்துக்குள் போகக் காசில்லை, ஆனால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெனிஸில் கூட்டமான சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு, இணையத்தில் பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

படி 7: பணம்

வங்கியில் யூரோ ஃபாரெக்ஸ் கார்டு (முன்பே யூரோ நிரப்பிக்கொள்ளும் கார்டு) ஒன்று, கையில் கொஞ்சம் ரொக்கம். அங்கே கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, யூரோவிலா" என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் மாற்று விலையில் ஏமாற்றிவிடும். விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாகக் கேட்பார்கள், பயப்பட வேண்டாம், சட்டப்படியானதுதான். உணவகத்தில் உட்கார்ந்ததற்கே 'கோப்பெர்தோ' என்று ஒரு தொகை பில்லில் வரும். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

பர்ஸை முன் பையில் வையுங்கள். ரோம் தெர்மினி ரயில் நிலையமும் மெட்ரோவும் ஜேப்படிக்குப் பேர்போனவை.

படி 8: கால்

ஃபுளோரன்ஸ் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் இல்லை. பேதுரு பேராலய உச்சிக்கு 551, பாதி வழிக்கு லிஃப்ட் உண்டு. தெருவெல்லாம் கருங்கல் பாவியது. வெனிஸில் வண்டியே கிடையாது. பாலத்துக்குப் பாலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, வாரம் ஒரு முறை குமரகிரி மலைப் படியில் ஏறுங்கள். ஏற்காட்டில் கிள்ளியூர் அருவிக்கு இறங்கி ஏறினால் முட்டியின் நிலவரம் தெரிந்துவிடும்.

படி 9: பெட்டி

சின்னப் பெட்டி, ஒரு ஆளுக்கு ஒன்று. சொம்பு ஆசையை விடுங்கள், காலித் தண்ணீர் பாட்டில் போதும். ரோமில் தெருவுக்குத் தெரு ஓடும் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, அதே பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். சைவர்கள் பிழைத்துக்கொள்ளலாம்: மார்கரீட்டா பீட்சா, தக்காளி பாஸ்தா எங்கும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதில்தான் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை, ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பழம், இலை வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழை, தேங்காய், அன்னாசி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. சேலத்து மாம்பழத்தையும் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தட்டுவடையும் பருப்புப் பொடியும் தாராளமாகப் போகலாம். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு உறை போட்டு, ஒழுகாமல் கட்டி, செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள்.