கபுகி நடிகர் படங்கள்: கையெழுத்தை நம்பி ஏமாறாதீர்கள்

கபுகி என்பது ஜப்பானிய மரபு நாடகம். மரக்கட்டை அச்சில் வந்த ஜப்பானியக் கபுகி நடிகர் படம் கைக்கு வந்ததும் ஓவியரின் கையெழுத்தைத் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ‘தொயோகுனி’ என்று இருக்கிறது, சரி. எந்தத் தொயோகுனி? முதலாமவர் 1825இல் இறந்தார். பெயர் சீடர் தொயோஷிகேவுக்குப் போனது. 1844இல் இன்னொரு சீடரான குனிசதாவும் அதையே சூட்டிக்கொண்டார். நடுவில் இருந்தவரைக் கண்டுகொள்ளாமல் ‘இரண்டாம் தொயோகுனி’ என்றுகூடக் கையெழுத்துப் போட்டார். இன்று அவரை மூன்றாமவர் என்கிறோம்.

ஆகவே முதலில் தணிக்கை முத்திரையைப் பாருங்கள். ‘கிவமே’ (ஒப்புதல்) என்ற சிறு வட்டம் மட்டும் இருந்தால் படம் பெரும்பாலும் 1790–1842 காலத்தது. அந்தத் தொயோகுனி குனிசதா அல்ல. தணிக்கையாளர்களின் இரண்டு பெயர் முத்திரைகள் மட்டும் இருந்தால் 1847–52. அதன்பின் ஆண்டின் விலங்கும் (பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு ஒரு விலங்கு) மாதமும் முத்திரையில் ஏறின. இங்கேதான் வழுக்கும்: எலி ஆண்டு 1852இலும் உண்டு, 1864இலும் உண்டு. முன்னதில் தேதி தனி நீள்வட்டமாக, இரு பெயர் முத்திரைகளோடு நிற்கும். பின்னதில் தேதியும் ‘அராதமே’ (பரிசோதித்தது) என்ற சொல்லும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நடிகர் பெயர் இல்லையென்றால் குறைபட்ட படம் என்று ஒதுக்காதீர்கள். 1842இல் அரசு நடிகர் படங்களைத் தடை செய்தது. கெடுபிடி தளர்ந்த பிறகும் நெடுநாள் பாத்திரப் பெயரை மட்டுமே அச்சிட்டார்கள். உடையில் உள்ள குடும்பச் சின்னம் உதவும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் என்றால் பெரும்பாலும் இச்சிகாவா தஞ்சூரோ. அது தலைமுறை தலைமுறையாக வரும் மேடைப் பெயர். எத்தனையாவது தஞ்சூரோ என்பதை மறுபடியும் தேதிதான் சொல்ல வேண்டும். பெண் வேடத்தைப் பெண் என்று எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. 1629 முதல் கபுகி மேடையில் பெண்களுக்கு இடமில்லை. முன்நெற்றியில் ஊதாத் துணி தெரிந்தால் அது ஆண் நடிகர்.

ஓவியர் ஷராகுவின் பெயரைப் பார்த்தால் இன்னும் நிதானம் தேவை. 1794–95இல் சுமார் பத்தே மாதம் வரைந்தவர். உளி பிடித்ததும் மை தேய்த்ததும் அவரல்ல. செதுக்குபவரும் அச்சிடுபவரும் வேறு, பணம் போட்ட பதிப்பாளர் த்சுதயா ஜூசபுரோ. அதனால் அவர் படங்களைப் புதுக் கட்டையில் செதுக்கி மறுபடி அச்சிட முடிந்தது. பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு, அது எளிது. கையால் அடித்த மறுபதிப்பில் புள்ளி இருக்காது. தாளின் பின்புறம் நிறமும் ஊறியிருக்கும். அங்கே தாளின் வயதையும், மூலப்படத்தோடு ஒப்பிட்டு முடியிழைக் கோடுகளையும் பார்ப்பதே வழி.