பெடல் ஸ்டீல் கிடார்: முட்டி லீவர் மாற்றியபின் எஃப் எட்டாவிட்டால்

பெடல் ஸ்டீல் கிடார் மேசைபோலக் கிடத்தி வாசிப்பது; பெடலும் முட்டியால் தள்ளும் லீவரும் வாசிக்கும்போதே தந்தியின் சுருதியை மாற்றும். என்னுடையது ஈ9 டியூனிங்: அதில் 4, 8-ஆம் தந்திகள் இரண்டும் ஈ சுரம். இடது முட்டியின் இரண்டு லீவர்களையும் இடம் மாற்றினேன்: ஈ-யை எஃப்-க்கு ஏற்றுவது வலப்பக்கம், டி ஷார்ப்புக்கு இறக்குவது இடப்பக்கம். 4-ஆம் தந்தி சரியாக வந்தது. 8-ஆம் தந்தி மட்டும் எஃப்-ஐ எட்டாமல் சற்றுக் கீழேயே நின்றது.

லீவரின் இழுப்பைக் கடத்தும் கம்பியான ராடின் முனையில், சுருதி சேர்க்கும் நைலான் நட்டை இறுக்கினேன். எஃப் வரவில்லை. ராடில் தளர்வு போய், லீவரை விட்டபின் திறந்த ஈ-தான் ஏறிக்கொண்டது. ராடை இழுக்கும் துண்டான பெல்கிராங்கில் வேறு துளை, புதுத் தந்தி இரண்டும் வீண்.

டார்ச் அடித்து எண்ட் பிளேட் (ஓரத் தகடு) பக்கமிருந்து, தந்திகளை ஏற்றி இறக்கும் சேஞ்சரைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஏற்றும் லீவரை அழுத்தும்போது இறக்கும் ஃபிங்கர் (தந்தியைத் தளர்த்தும் நெம்புத் துண்டு) தன் நிறுத்தத்தை விட்டு மயிரிழை நகர்ந்தது. அது அசையவே கூடாது. அதை நிறுத்தத்தோடு இழுத்துப் பிடிப்பது ரிட்டர்ன் ஸ்பிரிங். ராட் கோக்கக் கழற்றிய அந்த ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தது. ஏறுகிற தந்தியின் இழுவிசையை அதனால் தாங்க முடியவில்லை. எவ்வளவு இழுத்தாலும் சுருதி அங்கேயே நிற்பதற்கு இதுவே காரணம்.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில், கம்பி சற்றுத் தடித்த ஸ்பிரிங் வாங்கி மாட்டியதும் எஃப் நின்றது. அப்பாடா! ரொம்பத் தடித்தது வேண்டாம், இறக்கும் லீவர் கனத்துவிடும்.

பிறகு முதலில் திறந்த ஈ, அடுத்து ஏற்றம், கடைசியாக இறக்கம் என்று சுருதி சேர்க்கவும். லீவரைத் தொடாதபோது ராடை விரலால் ஆட்டினால் லேசாகக் கலகலக்க வேண்டும்.