முப்பது நாள் கடந்தும் பதில் இல்லையா? தகவல் உரிமை மனுதாரர் அடுத்துச் செய்ய வேண்டியவை

குளத்தின் பரப்பு எவ்வளவு, சானல் தூர்வாரியதற்கு எவ்வளவு செலவானது, பட்டா மாறுதல் மனு யாருடைய மேசையில் நிற்கிறது என்று தகவல் கேட்டு எழுதும் பழக்கம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. ஆனால் மனுவைக் கொடுத்த பிறகு பலர் செய்யும் தவறு ஒன்றுதான். பதில் வராதபோது நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறார்கள், இல்லையென்றால் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தரிடம் கேட்டுவிட்டு அவர் சொல்லும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். 2005 ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் நினைவூட்டுக் கடிதத்துக்கு இடமே இல்லை. நீங்கள் காத்திருக்கும் அதே நாட்களில் மேல்முறையீட்டுக்கான உங்கள் காலவரம்பு கழிந்துகொண்டிருக்கிறது.

முதலில் நாட்களைச் சரியாகக் கணக்கிட வேண்டும். மனுவை நீங்கள் எழுதிய தேதியோ தபாலில் சேர்த்த தேதியோ அல்ல, அலுவலகம் பெற்றுக்கொண்ட தேதிதான் கணக்கின் தொடக்கம். ஆகவே நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கவும், தபாலில் அனுப்பினால் பட்டுவாடா ஆனதற்கான சான்றைப் பத்திரப்படுத்தவும் தவற வேண்டாம். உதாரணமாக, நாகர்கோவிலில் ஓர் அலுவலகம் உங்கள் மனுவை ஜூன் 3 அன்று பெற்றிருந்தால், பிரிவு 7(1) தரும் 30 நாள் ஜூலை 3 அன்று முடிகிறது. அதற்குள் பதில் இல்லையென்றால், பிரிவு 7(2) இன்படி தகவல் மறுக்கப்பட்டதாகவே கருதப்படும். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 2 வரை, முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவைப் பெற்று உரிய அலுவலருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாக மனு கொடுத்திருந்தால் மட்டும் முதல் கணக்கில் 5 நாள் கூடும். உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பற்றிய தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு.

தாமதம் எப்போதும் மௌனமாக வருவதில்லை. கல்குளம் வட்டத்தில் எங்கள் ஊர்க் குளத்தின் புலப்பட நகலையும், மறுகால் ஓடையை ஒட்டிய ஆக்கிரமிப்புப் பதிவேட்டின் பக்கங்களையும் கேட்டு நான் அனுப்பிய மனுவுக்கு 29 ஆம் நாளில் ஒற்றை வரியில் ஒரு கடிதம் வந்தது: மனு வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். பிரிவு 6(3) இன்படி அப்படி மாற்றி அனுப்புவதை 5 நாளுக்குள் செய்து, மனுதாரருக்கும் உடனே தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியையும் உறையின் மீதிருந்த தபால் முத்திரையின் தேதியையும் அருகருகே எழுதி, அதையே மேல்முறையீட்டின் முதல் காரணமாகக் காட்டினேன். பிறகு, கெடு முடிந்து பல நாள் கழித்து, நகல் கட்டணம் செலுத்துமாறு இன்னொரு கடிதம் வந்தது. பிரிவு 7(6) இன்படி கெடு தவறிய தகவலைக் கட்டணமின்றியே தர வேண்டும் என்று பதில் எழுதிய பின்னரே பக்கங்கள் கைக்கு வந்தன. கெடுவுக்குள் கட்டணம் கேட்டால் நிலைமை வேறு. அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை உள்ள இடைவெளி 30 நாள் கணக்கில் சேராது என்பதால், உடனே கட்டிவிடுவதே நல்லது.

முதல் மேல்முறையீடு அதே துறையில், தகவல் மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலரிடம் போகிறது. பெயர் தெரியாவிட்டால் ‘மேல்முறையீட்டு அலுவலர்’ என்று பதவியைக் குறித்து அனுப்பினால் போதும், தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணமும் கிடையாது. மூன்று பக்கம் மனக்குறையைக் கொட்ட வேண்டியதில்லை. ‘இன்ன தேதியில் பெறப்பட்ட என் மனுவுக்குப் பிரிவு 7(1) இன் கெடுவுக்குள் தகவல் தரப்படவில்லை, இது பிரிவு 7(2) இன்படி மறுப்பாகும், பிரிவு 7(6) இன்படி கட்டணமின்றித் தகவல் வழங்க உத்தரவிடக் கோருகிறேன்’ என்று எழுதி, மனுவின் நகலையும் பெற்றுக்கொண்டதற்கான சான்றின் நகலையும் இணைத்தால் அது முழுமையான மேல்முறையீடுதான். அவர் 30 நாளுக்குள், காரணத்தை எழுத்தில் பதிந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், முடிவு சொல்ல வேண்டும்.

அங்கும் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் திருப்தி தரவில்லையென்றால், 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பிரிவு 18 இன்கீழ் புகார் என்பது ஒன்று, பிரிவு 19(3) இன்கீழ் இரண்டாம் மேல்முறையீடு என்பது வேறு. புகாரின் பேரில் ஆணையம் அலுவலரைத் தண்டிக்கலாமே தவிர, தகவலைக் கொடுக்குமாறு உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் மாநில அரசு தொடர்பான வழக்கில் 2011 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கோபத்தில் புகாரை மட்டும் அனுப்பியவர்கள், அலுவலர் மீது நடவடிக்கை வந்தாலும், கேட்ட ஆவணம் இல்லாமலே நிற்க நேரும். ஆவணம்தான் வேண்டுமென்றால் இரண்டாம் மேல்முறையீடே வழி, அதிலேயே தண்டத்தையும் கேட்கலாம். பிரிவு 20(1) இன்படி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை, பொதுத் தகவல் அலுவலர் மீது விதிக்கலாம். இந்தத் தொகை மனுதாரருக்கு வராது. உங்களுக்கு உண்டான இழப்புக்கு ஈடு வேண்டுமானால் பிரிவு 19(8)(ஆ) ஐக் குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

நாகர்கோவில் ரயில் நிலையம் மத்திய அரசின் ரயில்வேயில் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. இதுபோன்ற மத்திய அரசு அலுவலகங்களில், மாநில அலுவலகங்களுக்கு நாம் ஒட்டும் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு செல்லாது. போஸ்டல் ஆர்டர் இணைக்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீடும் சென்னைக்கு அல்ல, டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கே போக வேண்டும்.

விசாரணைக்கு அழைப்பு வந்தால் வழக்கறிஞர் கட்டாயமில்லை. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5) இன்படி அலுவலருடையது. எனவே தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிய ஒற்றைத் தாளையும், ஒவ்வொரு தேதிக்கும் உரிய மூலச் சான்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.