முதலில் காரை அளந்து பாருங்கள்: வளரும் பிள்ளைக்கு ஏற்ற கன்வேர்ட்டபிள் கார் சீட்

எங்கள் வீட்டுக்கு வந்த முதலாவது கார் சீட் ரொறன்ரோவிலிருந்து கப்பற்பொதியில் வந்தது. மச்சாள் தன் மகளுக்கு வாங்கியதை நன்றாகத் துடைத்து, சொக்லட் பெட்டிகளுக்கும் உடுப்புகளுக்கும் நடுவில் பத்திரமாக வைத்து அனுப்பியிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அதை எங்கள் வேகன் ஆரில் பின்நோக்கிப் பொருத்த முயன்றபோது, முன் பயணியின் ஆசனத்தை இனி நகராது என்னும் இடம் வரைக்கும் முன்னே தள்ள வேண்டியிருந்தது. அதில் ஏறி அமர்ந்த அம்மாவின் முழங்கால்கள் டாஷ்போர்டில் முட்டின. ஆசனப் பட்டியையோ எத்தனை தடவை இறுக்கினாலும் சிறிது நேரத்தில் தளர்ந்துவிட்டது. சீட்டும் தரமானது, காரும் நல்ல கார். ஆனால் ஒன்றுக்கு மற்றது பொருந்தவில்லை. பிள்ளைக்கு எந்தச் சீட் நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன்னர், நம்முடைய காருக்கு எந்தச் சீட் பொருந்தும் என்று நாமே பார்த்துவிட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன். ஆகவே கீழேயுள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்குமுன்: ஏன் பின்நோக்கி?

கன்வேர்ட்டபிள் கார் சீட் என்பது பிள்ளை அமரும் ஒரே கூட்டை இரண்டு திசைகளிலும் பொருத்தக்கூடிய சீட். பிள்ளை சிறிதாக இருக்கும்போது அதன் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படியும், வளர்ந்த பின்னர் சாலையைப் பார்க்கும்படியும் அதை வைக்கலாம். குழந்தையின் தலை, பிறக்கும்போது உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு இருக்கும். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுமையாக எலும்பாகாதவை. முன்பக்க மோதலில், முன்நோக்கி இருக்கும் குழந்தையின் உடலைப் பட்டி பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே வீசப்படுகிறது. பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து கூட்டில் பதிவதால் விசை பரவிவிடுகிறது.

"என்ர மடியில இருந்தால் நான் பிடிச்சுக்கொள்ளுவன்" என்று சொல்லாத அம்மம்மா கொழும்பில் இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் பத்திலொரு வினாடியில் நின்றுபோனால், 10 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அது மூன்று சீமெந்து மூட்டைகளுக்குச் சற்றுக் குறைவு. கொழும்பின் காலி வீதியில் நெரிசல் இல்லாத நேரத்தில் இந்த வேகம் சாதாரணமானது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமே 100 கிலோமீற்றர்.

முதற்படி: காரை அறிந்துகொள்ளுதல்

பின் ஆசனத்தில், முதுகு சாயும் பகுதியும் அமரும் பகுதியும் சந்திக்கும் இடுக்கில் விரல்களை நுழைத்துத் தடவிப் பாருங்கள். பென்சிலைவிடச் சற்று மெல்லிய இரண்டு இரும்புக் கம்பிகள், ஒன்றிலிருந்து மற்றது சுமார் 28 சென்ரிமீற்றர் இடைவெளியில் தட்டுப்பட்டால், அவைதான் ஆசனப் பட்டி இல்லாமலே சீட்டை நேரடியாகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் பிடிப்புகள். பல கார்களில் அவ்விடத்தில் ஒரு சிறிய துணிச் சீட்டோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். கம்பிகள் இல்லாத பழைய கார்களும் குறைந்த தர மாடல்களும் இங்கே ஏராளமாக ஓடுகின்றன. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ஆசனப் பட்டியால் பொருத்தக்கூடிய சீட்டைத் தேட வேண்டும் என்பதே அதன் பொருள்.

அடுத்து அந்த ஆசனப் பட்டியையே சோதியுங்கள். பட்டியை அதன் முழு நீளத்துக்கும் மெதுவாக வெளியே இழுத்து, பிறகு சிறிதளவு உள்ளே போக விடுங்கள். "கட கட" என்ற ஓசையுடன் உள்ளே சென்று, மீண்டும் இழுத்தால் வர மறுத்தால், அது பூட்டிக்கொள்ளும் வகைப் பட்டி. இழுக்க இழுக்கத் தாராளமாக வந்துகொண்டேயிருந்தால், அது திடீர்க் குலுக்கலில் மட்டும் பூட்டிக்கொள்ளும் வகை. அதைக் கொண்டு சீட்டைக் கட்டுவதாயின், பட்டியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி சீட்டிலேயே இருக்க வேண்டும். எங்களுடைய ரொறன்ரோச் சீட் தளர்ந்ததற்குக் காரணம் இதுவே. வட அமெரிக்கக் கார்களில் பயணிகளின் பட்டிகள் பூட்டிக்கொள்ளும் வகையாக இருப்பது பல்லாண்டு வழக்கம் என்பதால், அங்கு விற்கப்படும் சீட்டுகளிற் சில அதனை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன. சீட்டைப் பின்நோக்கிக் கட்டும்போது பட்டிக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுவதும் உண்டு. சில சிறிய கார்களில் அது கால் சாண் குறைந்துபோய் நம்மைச் சோதிக்கும்.

இனி அளவு நாடா. ஓட்டுநரும் முன் பயணியும் தங்களுக்கு வசதியாக ஆசனங்களைச் சரிசெய்து அமர்ந்திருக்க, முன் ஆசனத்தின் பின்புறத்திலிருந்து பின் ஆசனத்தின் சாய்மானம் வரையுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்காகச் சீட்டைச் சாய்த்து வைக்கும்போதுதான் அது மிக அதிக இடத்தை விழுங்கும். அகலத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

எந்த ஆசனம் என்ற கேள்விக்கு என்னுடைய விடை, பின் இடது பக்கம். நாம் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், இடது கதவைத் திறந்தால் நடைபாதை. வலது கதவைத் திறந்தால் 138ஆம் இலக்கப் பேருந்து. பக்கவாட்டு மோதலிலிருந்து தூரமாக இருப்பதால் நடு ஆசனம் நல்லது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் வேகன் ஆர் போன்ற ஜப்பானியச் சிறு கார்களில் நால்வருக்கே இடம் உண்டு, நடு ஆசனமே கிடையாது. வேறு பல கார்களில் நடுவில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருப்பதில்லை. எப்படியாயினும், எயார்பேக் இயங்கும் முன் ஆசனத்தில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் எயார்பேக் நேராகச் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அறையும்.

இரண்டாம் படி: பிள்ளையை அளத்தல்

கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து, எடைக்கோடும் உயரக்கோடும் எவ்வழியாகச் செல்கின்றன என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளின்படி நடுத்தர வளர்ச்சியுள்ள ஆண் குழந்தை ஒரு வயதில் 9.6 கிலோ எடையும் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரமும், இரண்டு வயதில் 12.2 கிலோவும் 87 சென்ரிமீற்றரும் இருக்கும். பெண் குழந்தை அதைவிடச் சற்றுக் குறைவு. நான்கு வயதளவில் இருவருமே 103 சென்ரிமீற்றரை அண்மிப்பார்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எல்லைகள் நம் பிள்ளையின் எந்த வயதைக் குறிக்கின்றன என்று நாமே கணக்கிடலாம்.

மூன்றாம் படி: சிட்டையை வாசித்தல்

பெட்டியின் மேல் "பிறப்பு முதல் 12 வயது வரை" என்று பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் தேட வேண்டியது ஓர் எண் மட்டுமே: பின்நோக்கி வைக்கக்கூடிய உச்ச எல்லை. அது எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அந்தச் சீட் உங்கள் பணத்துக்குப் பெறுமதியானது.

ஐரோப்பிய நியமப்படி செய்த சீட்டில் செம்மஞ்சள் நிறச் சிட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்; அதில் வட்டத்துக்குள் "ஈ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் காணப்படும். பழைய நியமமான ஆர்44 எடையை அடிப்படையாகக் கொண்டது. அதன் கீழ் 9 கிலோவிலேயே பிள்ளையை முன்நோக்கித் திருப்ப இடமுண்டு, அதாவது ஒரு வயது நிறையுமுன்னரே. புதிய நியமமான ஆர்129 உயரத்தை அடிப்படையாகக் கொண்டது. அது 15 மாதங்கள் நிறையும்வரை பின்நோக்கியே வைக்க வேண்டும் என்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் அடங்கும். என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே கடையில் இருந்தால் ஆர்129 சீட்டையே எடுப்பேன். ஆர்129இல் 105 சென்ரிமீற்றர் வரை பின்நோக்கி அனுமதிக்கும் சீட்டுகளும் உண்டு. அப்படியொன்று காருக்குள் அடங்குமானால் நான்கு வயதுவரை திருப்ப வேண்டிய தேவையே வராது.

இணையத்தில் மலிவாக விற்கும், கூடு இல்லாமல் துணியும் பட்டிகளும் மட்டுமே கொண்ட சீட்டுகள் எந்த விலைக்கும் வேண்டாம்.

நான்காம் படி: வாங்குமுன் பொருத்திப் பார்த்தல்

காரைக் கடைக்கே கொண்டுசெல்லுங்கள். சீட்டைக் காரில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். ஒரு கடையில் எனக்கு "எல்லாக் காருக்கும் சரிவரும், மிஸ்" என்று சொல்லி, தரையில் வைத்தே விற்கப் பார்த்தார்கள். தாங்குகால் (சீட்டின் அடியிலிருந்து தரைவரை நீளும் கால்) உள்ள சீட்டாக இருந்தால், அந்தக் கால் காரின் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். தரைக்கடியில் பொருள் வைக்கும் குழி உள்ள கார்களில் அதன் மூடி அந்தப் பாரத்தைத் தாங்காது.

உறவினர் அனுப்பும் சீட்டை மறுக்க முடியாத நிலை நம் எல்லோருக்கும் வரும். அப்போது இரண்டைக் கேளுங்கள்: அது விபத்தில் சிக்கியதா, அதன் காலாவதித் திகதி என்ன. சீட்டின் அடியிலோ முதுகிலோ தயாரிப்புத் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் 6 முதல் 10 ஆண்டுகள் வரையே பயன்பாட்டுக் காலம் தருகின்றன. கையேடும் வேண்டும்.

ஐந்தாம் படி: பொருத்துதல்

ஐசோஃபிக்ஸ் கைகளைக் கம்பிகளில் தள்ளும்போது இரண்டு பக்கமும் "க்ளிக்" என்று கேட்க வேண்டும். சீட்டிலுள்ள காட்டி பச்சை நிறத்துக்கு மாறும். ஆசனப் பட்டியால் கட்டுவதாயின், சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, உடல் எடையை அதன் மேல் போட்டுக்கொண்டே பட்டியின் தளர்வை எடுங்கள். பட்டி முறுகியிருக்கக் கூடாது. பின்நோக்கிய வழிக்கும் முன்நோக்கிய வழிக்கும் வெவ்வேறு துவாரங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னர், பட்டி செல்லும் இடத்தில் ஒரு கையால் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் அவிழ்த்து மறுபடியும் தொடங்க வேண்டும். தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்நோக்கிய சீட்டின் மேற்பகுதி கொஞ்சம் அசைவது இயல்பு.

சாய்வைக் காட்டும் கோடோ குமிழியோ சீட்டின் பக்கவாட்டில் இருக்கும். சமதரையில் காரை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். மரைன் டிரைவுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையின் சரிவில் நின்று பார்த்தபோது குமிழி சரியான இடத்தில் நின்றது, சமதரைக்கு வந்ததும் சீட் நிமிர்ந்துவிட்டது. சின்னக் குழந்தையின் தலை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுக்குத் தடையாகாமல் இருப்பதற்காகவே இந்தச் சாய்வு.

ஆறாம் படி: பிள்ளையை இருத்துதல்

பின்நோக்கி இருக்கும்போது தோள்பட்டிகள் பிள்ளையின் தோள்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ, முன்நோக்கி இருக்கும்போது தோள்மட்டத்திலோ சற்று மேலோ வெளிவர வேண்டும். பட்டியை இறுக்கிய பிறகு, தோளருகே அதைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் வழுக்கிச் சென்றால் போதும். நுவரெலியாவுக்குப் போகும் வழியில் குளிர் தொடங்கியதும் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டுப் பட்டியைக் கட்டுவது வழக்கமான தவறு: மோதலில் அந்தக் கம்பளி நசுங்கி, பட்டிக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி உண்டாகிவிடும். பட்டியைக் கட்டிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

கொழும்பு வெயிலில் நிறுத்திய காரின் பூட்டு உலோகம் பிள்ளையின் தொடையைச் சுடும். வெள்ளைத் துணியொன்றால் சீட்டை மூடிவைத்து, ஏற்றுமுன் பூட்டை நம் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். உறையைத் துவைக்கலாம்; பட்டிகளை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சலவைப் பொடி அவற்றின் இழைகளைப் பலவீனமாக்கும்.

கடைசிப் படி: எப்போது திருப்புவது?

கால்கள் மடங்கிப் பின் ஆசனத்தில் முட்டுவது காரணம் ஆகாது. பிள்ளைகள் சம்மணமிட்டு மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். எடையோ உயரமோ சீட்டின் பின்நோக்கிய எல்லையைத் தொட்டால், அல்லது தலையுச்சிக்கும் கூட்டின் மேல் விளிம்புக்கும் நடுவில் கையேடு கேட்கும் இடைவெளி (பல சீட்டுகளில் ஓர் அங்குலம்) இல்லாமற்போனால் திருப்ப வேண்டும். திருப்பும் நாளில் தோள்பட்டிகளை மேல் துவாரத்துக்கு மாற்றி, சாய்வை நிமிர்த்தி, மேற்பட்டி (சீட்டின் மேற்பகுதியைக் காரோடு இணைக்கும் பட்டி) உள்ள சீட்டாயின் அதைக் காரின் உரிய கொளுக்கியில் மாட்ட வேண்டும். பொதிகளைக் கட்டும் கொளுக்கியில் அல்ல.

எங்கள் இரண்டாவது சீட் ஆர்129, தாங்குகால் இல்லாதது, வேகன் ஆருக்குள் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தது. மகள் இப்போது 96 சென்ரிமீற்றர், இன்னும் பின்நோக்கியே செல்கிறாள். முன் ஆசனத்தில் அம்மாவின் முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது.