அப்டேட்டுக்குப் பிறகு காணாமற்போன வசதிகளைத் தேடுவது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் எனக்கு அதிகம் வரும் புகார், கணினி ஓடவில்லை என்பதன்று. "ஏனுங்க, ஓரத்துல இருந்த பட்டையைக் காணோமுங்க" என்பதே. நீண்ட எக்செல் தாளில் ஆர்டர்களைப் பார்ப்பவர்கள், கூடுதலாக இரண்டு வரிகள் தெரியட்டும் என்று, திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் பட்டையான டாஸ்க்பாரைத் திரையின் இடப்பக்கம் வைத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது அந்த வசதி அதில் இல்லை. பத்து வருடம் பழகிய கை, இல்லாத இடத்தையே போய்த் தொடுகிறது.

கோபத்தில் எதையும் அழிக்கும் முன், அந்த வசதி மறைக்கப்பட்டிருக்கிறதா, உண்மையிலேயே நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 89 உலாவி, மேற்பட்டையைச் சுருக்கிக் காட்டும் 'காம்பேக்ட்' அளவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதே தவிர, அழித்துவிடவில்லை. முகவரிப் பட்டையில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'கன்ஃபிக்' ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டி, எச்சரிக்கையை ஏற்று, 'காம்பேக்ட்மோட்' என்று தேடினால் வரும் வரியை 'ட்ரூ' ஆக்கிவிட்டு, கருவிப்பட்டையைத் திருத்தும் பக்கத்தில் 'டென்சிட்டி' என்பதைத் திறந்தால் அது மீண்டும் தெரியும். அதன் அருகிலேயே 'ஆதரவில்லை' என்னும் பொருளில் ஒரு குறிப்பும் இருப்பதால், அதை நிரந்தரம் என்று நம்பிவிட வேண்டாம்.

நீக்கப்பட்டவையும் சில நேரம் திரும்புகின்றன. திறந்திருக்கும் கோப்புகளின் பெயர்களை டாஸ்க்பாரில் தனித்தனியே காட்டும் வசதி விண்டோஸ் 11இல் முதலில் இல்லாமல் இருந்து, 2023இல் மீண்டும் வந்தது. செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', 'டாஸ்க்பார்', 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று சென்று, பொத்தான்களை இணைக்கும் இடத்தில் 'நெவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த வசதி வந்த பிறகும் தெரியாமல் சலித்துக்கொண்டிருந்தவர்கள் பலர்.

புதிய விண்டோஸ் பதிப்பே ஒத்துவரவில்லை என்றால், செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெகவரி' வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் அதற்கு வழக்கமாக 10 நாட்களே அவகாசம், அதற்குள் பழைய விண்டோஸ் கோப்புகளை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். எங்கள் ஊரில் தீபாவளிக்குக் கம்பெனி மூடியதும் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது தவறு: ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி மேசையில் உட்காரும்போது அந்தப் பத்து நாட்களில் பெரும்பகுதி கழிந்திருக்கும். சனிக்கிழமை கூலி போட்ட பிறகு ஒரே ஒரு கணினியில் செய்து, அடுத்த வாரம் முழுவதும் அதில் வேலை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. தொடங்கும் முன், திரையையும் செட்டிங்ஸ் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருந்தது என்பது மறுநாளே மறந்துவிடும்.

பழைய தோற்றத்தைக் கொடுக்கும் வெளியார் மென்பொருள்களை, பில் போடும் கணினியில் நான் நிறுவுவதில்லை. 2023 பிப்ரவரி இறுதியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக் போன்றவை இருந்த சில கணினிகள் திரைக்கு வரவே திணறின.

அதற்காக அப்டேட்டையே நிறுத்திவிடுவதும் ஆகாது. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் அதே கணினியில்தான் திறக்கப்படுகின்றன. விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். ஃபயர்பாக்ஸில் 'ஈஎஸ்ஆர்' என்னும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்துக்கொண்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வர, தோற்ற மாற்றங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும்.

விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கருத்து அனுப்ப, விண்டோஸ் விசையுடன் 'எஃப்' விசையை அழுத்தினால் அதற்கான செயலி திறக்கும். அதில் வசவை எழுதாமல், டாஸ்க்பார் கீழே இருப்பதால் ஆர்டர் தாளில் எத்தனை வரிகள் மறைகின்றன என்று எண்ணி எழுதுங்கள்.